இரவில் குழிமுயல் வேட்டை: நைட் விஷன் ஸ்கோப், ஐஆர் விளக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் பக்கம் ஒரு பண்ணையில் ஏழு குளிர்காலமாக இரவில் குழிமுயல் சுடுகிறேன். பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டதால் ஆரம்பித்தது. வளைகள் இருக்கும் வேலியோரத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்குக் கோதுமைப் பயிர் மொட்டையாகிவிடும், தரையோடு தரையாக, கத்தரிக்கோல் வைத்து வெட்டியது மாதிரி. இங்கே புதிதாக ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) வாங்கும் நம் ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஊரில், தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். தலையில் லைட் கட்டிக்கொண்டு போனாலும் குற்றம், வலை கட்டினாலும் குற்றம். அதோடு நம் ஊர்க் காட்டு முயலும் இங்கே இருக்கும் குழிமுயலும் வேறு வேறு பிராணி. நம்முடையது கழுத்துக்குப் பின்னால் கறுப்புத் திட்டு உள்ள முயல், வளை தோண்டாது, புதரடியில் படுத்துக்கொள்ளும், குட்டி பிறக்கும்போதே கண் திறந்து மயிரோடு பிறக்கும். குழிமுயல் கூட்டமாக வளையில் வாழ்கிறது, அதன் குட்டி கண் திறக்காமல் மயிரில்லாமல் பிறக்கிறது. இங்கே நான் எழுதுவது முழுக்க இங்கிலாந்துக் குழிமுயலைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் இரவில் சுடுவது சட்டப்படி சரிதானா?

அனுமதி இருந்தால் சரி. 1880இல் வந்த ஒரு சட்டம், நிலத்தில் பயிர் செய்கிறவருக்கே முயலைப் பிடிக்கவும் சுடவும் உரிமை கொடுத்தது. இரவில் சுடக்கூடாது என்று அதில் இருந்த தடையை 1981 வனவிலங்குச் சட்டம் தளர்த்தியது. அந்த நிலத்தின் வேட்டை உரிமை வேறொருவரிடம் இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். சொல்லப்போனால் 1954ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், தன் நிலத்து முயல் பக்கத்துப் பயிரை அழிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையே பயிர் செய்கிறவர் தலையில் வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் ராத்திரியில் அடுத்தவர் நிலத்தில் முயல் பிடிப்பது 1828இலிருந்தே தனிக் குற்றம். ஆகவே அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குண்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் வரையிலான ஏர் ரைபிளை 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர் ரைபிளுக்கும் சான்றிதழ் கட்டாயம். வட அயர்லாந்தில் 1 ஜூலைத் தாண்டினாலே சான்றிதழ் வேண்டும். குண்டு அனுமதி பெற்ற நிலத்தின் எல்லையைத் தாண்டினாலும் குற்றம்தான்.

கிளம்பும் முன் போலீஸின் 101 எண்ணுக்குக் கூப்பிட்டு எந்த வயல், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன வண்டி என்று சொல்லி ஒரு குறிப்பு எண் வாங்கிவிடுவது இங்கே வழக்கம். இருட்டில் துப்பாக்கியோடு ஒருவர் நடமாடுகிறார் என்று யாராவது பயந்து தகவல் கொடுத்தால் அந்த எண் உங்களைக் காப்பாற்றும். நம் நிறத்து ஆள் நடு ராத்திரியில் வயலில் நின்றால் தகவல் போகும் வாய்ப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஒரு தடவைகூட அந்த அழைப்பை விட்டதில்லை.

பகலில் சுட்டால் போதாதா? எதற்கு இந்தச் செலவு?

குழிமுயல் பொழுது சாயும் நேரத்தில்தான் வெளியே வரும், விடியும் வரை மேயும். ஆள் நடமாட்டமும் துப்பாக்கிச் சத்தமும் உள்ள நிலத்தில் பகலில் தலை காட்டுவதையே விட்டுவிடும். முன்பெல்லாம் பெரிய டார்ச் அடித்துச் சுடுவார்கள், சிவப்புக் கண்ணாடி போட்டும் பார்ப்பார்கள். இரண்டு மூன்று இரவு அது நடக்கும். அப்புறம் வெளிச்சம் வயலில் விழுந்த மாத்திரத்தில் மொத்தக் கூட்டமும் வளைக்குள் போய்விடும், தப்பித்த முயல் அதை மறப்பதில்லை. ஐஆர் என்பது நம் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், துப்பாக்கி மேல் பூட்டும் நைட் விஷன் ஸ்கோப் (இரவுத் தொலைநோக்கி) அதைப் பார்க்கும், அதில் அந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை.

டியூப் வாங்கலாமா, டிஜிட்டல் வாங்கலாமா?

டியூப் வகை என்பது நட்சத்திர வெளிச்சத்தைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிப் பச்சையாகக் காட்டும் பழைய ராணுவக் கருவி. முதல் தலைமுறை டியூப் மலிவு, ஆனால் ஓரமெல்லாம் மங்கல். மூன்றாம் தலைமுறை அருமையாக இருக்கும், விலை எட்டாது, பகல் வெளிச்சம் பட்டால் டியூப் கெட்டுப்போகும். டிஜிட்டல் என்பது உங்கள் போனில் இருப்பது மாதிரியான கேமரா சென்சார்தான், ஐஆரைத் தடுக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டுச் சின்னத் திரையில் காட்டுகிறது. முப்பது மீட்டர் முயலுக்கு டிஜிட்டல் போதும், பகலிலும் பயன்படும்.

டிஜிட்டலிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பகல் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு முழு டிஜிட்டல் ஸ்கோப்பைப் பூட்டுவது. இன்னொன்று, இருக்கிற ஸ்கோப்பின் பின்பக்கம், கண் வைக்கும் இடத்தில், கேமராவை மாட்டுவது. பின்பக்கம் மாட்டுவதில் ஜீரோ, அதாவது குறி வைக்கும் இடத்திலேயே குண்டு படும்படி செய்த சரிப்படுத்தல், மாறாது, குறுக்குக்கோடு உங்கள் பழைய ஸ்கோப்பிலேயே இருக்கிறதே. ஆனால் கண் நான்கைந்து அங்குலம் பின்னால் போய்விடும், கழுத்தை நீட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு வருடம் அப்படி ஓட்டிவிட்டு முழு ஸ்கோப்புக்கு மாறினேன்.

தெர்மல் வாங்கிவிட்டால் ஐஆர் விளக்கே வேண்டாமே?

தேடுவதற்குத் தெர்மலை அடிக்க ஒன்றும் கிடையாது. உடம்புச் சூட்டைப் பார்க்கிறது, விளக்கே தேவையில்லை, இருநூறு மீட்டர் தள்ளி வேலியடியில் உட்கார்ந்திருக்கும் முயல் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். சுடும்போதுதான் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. முயலுக்கு முன்னால் காய்ந்த புல் தண்டு ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். மலிவான தெர்மலில் அது பின்னணியோடு கலந்துவிடும். அரை கிராம் எடையுள்ள ஏர் ரைபிள் குண்டு அதில் உரசினாலே திசை மாறும், தலைக்குப் போக வேண்டியது தாடையில் படும், முயல் காயத்தோடு வளைக்குள் போய் இரண்டு நாள் கழித்துச் சாகும். ஐஆர் வெளிச்சத்தில் அதே தண்டு வெள்ளைக் கம்பி மாதிரி பளிச்சென்று தெரியும். அதனால் நான் கையில் சின்னத் தெர்மலை வைத்துத் தேடுகிறேன், ஐஆர் ஸ்கோப்பில் பார்த்துச் சுடுகிறேன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஐஆர் ஸ்கோப் வாங்குங்கள்.

850ஆ, 940ஆ? எந்த விளக்கு வாங்குவது?

இவை அலைநீளம், நானோமீட்டரில். நம் கண் சுமார் 700 வரைதான் பார்க்கும். 850 விளக்கை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புத் தணல் மாதிரி ஒரு புள்ளி தெரியும். 940இல் அதுவும் தெரியாது. உங்கள் டிவி ரிமோட்டும் பெரும்பாலும் 940தான். ஆனால் சென்சாருக்கு 940இல் பார்வை நன்றாகக் குறைந்துவிடுகிறது, அதே பேட்டரி அதே விளக்கு என்றாலும் எட்டும் தூரம் பாதிக்குப் பாதி போய்விடும். நான் 850. நூற்றுக்கணக்கான முறை விரட்டப்பட்டு உஷாரான முயல் உள்ள இடம், இருபது இருபத்தைந்து மீட்டருக்குள் சுடப்போகிறேன் என்றால் மட்டும் 940 எடுத்துக்கொள்வேன்.

விளக்கு எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் போன் கேமராவை அதன் மேல் காட்டுங்கள், ஊதா நிறத்தில் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதால் இமை தானாக மூடாது, கூசாமலேயே விழித்திரையைச் சுடும். லேசர் வகை ஐஆர் விளக்கென்றால் இன்னும் ஜாக்கிரதை. வீட்டில் குழந்தைகள் எடுத்து விளையாடாத இடத்தில் வையுங்கள்.

முயலுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி தெரியாதா?

முயல் கண்ணுக்கு நீலமும் பச்சையும்தான் நிறமாகத் தெரியும், சிவப்பில் பார்வை மிக மட்டம். 850 விளக்கை நேராக அதன் முகத்தில் அடித்தால் சில முயல் தலை தூக்கும், பெரும்பாலானவை மேய்ந்துகொண்டே இருக்கும். என் அனுபவத்தில் முயலை விரட்டுவது வேறு இரண்டு விஷயம். ஒன்று, விளக்கின் சுவிட்ச் சத்தம், அந்தச் சின்ன ‘டிக்’. அதனால் உட்காரும் முன்பே போட்டுவிட்டுக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வேன். இரண்டாவது, திரை வெளிச்சம். ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தீர்களென்றால் அந்தச் சின்னத் திரை உங்கள் கன்னத்தையும் மூக்கையும் விளக்குப் போட்டதுபோல் காட்டிக்கொடுக்கும். திரைப் பிரகாசத்தைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள், கண்ணை அழுத்தினால் மட்டும் திறக்கும் ரப்பர் மூடி கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

விளக்கைப் போட்டால் திரையெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. ஸ்கோப் பழுதா?

பழுதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கேதான் மனம் வெறுத்து இன்னும் விலை கூடின ஸ்கோப் தேடிப் போகிறார்கள். ஆனால் இரவு வேட்டை முக்கால்வாசி விளக்கின் வேலை. ஸ்கோப் பிறகுதான்.

கேமரா தானாக வெளிச்ச அளவைச் சரிசெய்கிறது. உங்களுக்கு இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும் புல், கேட்டுக் கம்பி, துப்பாக்கியின் சைலன்ஸர் முனை, இதில் எதுவாவது விளக்கின் ஒளிக்கற்றைக்குள் வந்தால் அது பளீரென்று எரியும், கேமரா அதைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், முப்பது மீட்டரில் உள்ள முயல் காணாமல் போகும். முதலில் விளக்கை ஸ்கோப்புக்கு மேலே அல்லது பக்கவாட்டில், குழலின் முனை கற்றையில் படாத மாதிரி மாற்றிப் பூட்டுங்கள். அப்புறம் படுத்துச் சுடுவதை விடுங்கள். படுத்தால் முன்னால் இருக்கும் ஒவ்வொரு புல்லும் ஒரு ட்யூப்லைட். முக்காலி மேல் துப்பாக்கியை வைத்து உட்கார்ந்தோ நின்றோ சுட்டால் கற்றை புல்லுக்கு மேலாகப் போகும்.

எனக்கு விளங்க ஒரு குளிர்காலமே ஆன விஷயம் ஒன்று. ஜனவரி மாதம், காற்றே இல்லாத இரவு. சுடத் தயாராகும்போதெல்லாம் திரையில் வெள்ளைப் புகை எழும்பி மறையும், லென்ஸில் பனி என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் என் மூச்சு. குளிரில் வாயிலிருந்து வரும் ஆவி கற்றைக்குள் போய் எரிகிறது. அன்றிலிருந்து கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, குறி வைக்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுகிறேன். மூடுபனியும் தூறலும் இதே காரணத்தால்தான் ஐஆருக்கு ஆகாது. அந்த இரவுகளில் விளக்கைக் கூட்டக் கூட்டச் சுவர்தான் தெரியும், குறைத்தால் கொஞ்சம் தெரியும், வீட்டுக்குப் போனால் இன்னும் நல்லது.

கற்றையை நடுவுக்குக் கொண்டுவர, வயலுக்குப் போகும் முன் முப்பது மீட்டரில் ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் நடுப்புள்ளி குறுக்குக்கோட்டின் மேல் உட்கார வேண்டும். நல்ல விளக்குக்கு அதற்கென்றே சின்னத் திருகு இருக்கும். தேடும்போது கற்றையை விரித்து வையுங்கள், சுடும்போது குவியுங்கள்.

பகலில் தெளிவாக இருக்கும் ஸ்கோப் இரவில் மங்கலாக இருக்கிறதே?

ஐஆர் வெளிச்சம் கண்ணாடியில் வேறு இடத்தில் குவிகிறது. பகலில் முப்பது மீட்டருக்கு வைத்த ஃபோகஸ் இரவில் முப்பதுக்குச் சரியாக இருக்காது, பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி இரவுக்கென்று தனி அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரியும்படி கேமராவின் ஃபோகஸ், அதன் பிறகு காட்சிக்கு ஸ்கோப்பின் ஃபோகஸ். இந்த வரிசையை மாற்றினால் விடிய விடியத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

எவ்வளவு தூரத்தில் சுடலாம்?

12 அடி-பவுண்டு ஏர் ரைபிளுக்கு இரவில் முப்பது மீட்டர் என் எல்லை. பகலில் நாற்பதில் காகிதத்தை அடிப்பேன் என்று சொல்வீர்கள், நானும் அடிப்பேன். முயலின் தலையில் உயிர் போகும் இடம் நம் பத்து ரூபாய் நாணயம் அளவு, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். 4.5 மிமீ குண்டை முப்பது கெஜத்துக்கு ஜீரோ செய்திருந்தால் நாற்பதில் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். நாணயம் போயிற்று. அதுவும் திரையில் பார்க்கும்போது தூரம் மனதுக்குப் பிடிபடாது, எல்லாம் ஒரே தட்டையில், கறுப்பு வெள்ளையில். பெரிய முயல் நாற்பதிலும் குட்டி முயல் இருபத்தைந்திலும் ஒரே அளவில் நிற்கும். லேசர் தூரமானி இல்லாமல் இரவில் சுடாதீர்கள். அது வாங்க முடியாவிட்டால் பகலில் போய் வேலிக் கம்பம், கேட், புதர் ஒவ்வொன்றுக்கும் உங்கள் உட்காரும் இடத்திலிருந்து அடி வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சாய்வு. பகலில் அடிவானத்தைப் பார்த்து நம்மையறியாமல் துப்பாக்கியை நேராகப் பிடிக்கிறோம். இருட்டில் அடிவானம் ஏது? துப்பாக்கி சற்றுச் சாய்ந்தாலும் தூரத்தில் குண்டு பக்கத்தில் விழும். பல டிஜிட்டல் ஸ்கோப்பில் சாய்வு காட்டும் கோடு இருக்கிறது, இல்லாவிட்டால் கொத்தனார் ரசமட்டம் மாதிரிக் குமிழி ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

கண் மின்னினால் முயல்தானே?

இல்லை, இல்லை. ஐஆரில் எல்லாக் கண்ணும் மின்னும். ஆட்டுக் கண், நரிக் கண், பூனைக் கண், வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ நடத்திக்கொண்டு வரும் நாயின் கண்.

மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், வைக்கோல் கட்டுகள் பக்கத்தில், தரையை ஒட்டி, இருபத்தெட்டு மீட்டர். உருண்டையான முதுகு தெரிந்தது, பளிச்சென்று வெளிச்சம். விரல் டிரிக்கர் மேல். ஏதோ இடித்தது, இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தன. முயலுக்குக் கண் தலையின் பக்கவாட்டில், மேயும் முயலில் பெரும்பாலும் ஒரு கண்தான் மின்னும். காத்திருந்தேன். அது எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது, நீளமான வாலோடு. பண்ணைக்காரர் மகளின் பூனை. அன்றைக்குத் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன், கை நடுக்கம் நிற்கவில்லை.

அதனால் என் கணக்கு இதுதான்: காது தெரிய வேண்டும், உடம்பின் முழு வடிவம் தெரிய வேண்டும், அது நகர்ந்து பார்க்க வேண்டும், பின்னால் மண் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுவேன். பெரிய காட்டு முயலும் இங்கே உண்டு, கால் நீளம், காது நுனி கறுப்பு, அதைக் கறுப்பு வெள்ளைத் திரையிலும் கண்டுகொள்ளலாம். என் அனுமதி குழிமுயலுக்கு மட்டும், காட்டு முயலைத் தொடுவதில்லை.

22 ரிம்ஃபயர் ரைபிள் இருந்தால் இன்னும் வசதிதானே?

அது காற்றில் அல்ல, வெடிமருந்துத் தோட்டாவில் சுடும் துப்பாக்கி. எட்டும், அறுபது எழுபது மீட்டர்கூட. ஆனால் அதற்குப் போலீஸ் தரும் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். அதோடு அந்தக் குண்டு கல்லிலும் உறைந்த மண்ணிலும் பட்டுத் தெறித்து ஒரு மைல்வரை போகக்கூடியது. ஐஆர் கற்றை முயலைக் காட்டும், அதற்குப் பின்னால் இருநூறு மீட்டரில் உள்ள பாதையைக் காட்டாது. பகலில் நடந்து பார்க்காத வயலில் இரவில் ரிம்ஃபயர் சுடவே கூடாது.

எந்த இரவு போகலாம்?

நிலா இல்லாத, காற்று வீசும் இரவு. காற்று உங்கள் காலடிச் சத்தத்தை மூடும், வாடையைக் கொண்டுபோகும். முகத்துக்கு எதிர்க்காற்று இருக்கும்படி நடங்கள். முழு நிலவில் உங்கள் நிழலையே முயல் பார்க்கும். பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும் சத்தம் ஒன்று கேட்டால் அந்த வளை அன்றைக்கு முடிந்தது, அடுத்த வேலிக்குப் போங்கள்.

பேட்டரி பற்றியும் கேட்கிறார்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள், அவ்வளவுதான்.

முயல் நாடெங்கும் குறைந்து வருகிறது என்கிறார்களே, சுடுவது சரியா?

நியாயமான கேள்வி, நானும் இதை நினைக்காமல் போவதில்லை. நார்மன்கள் காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் கொண்டுவந்த பிராணி இது. பக்கத்தில் பிரெக்லாண்டு மணல் பூமியில் அப்போது முயலைக் காவல் போட்டு வளர்த்தார்கள், தெட்ஃபோர்டில் 1400 வாக்கில் கட்டிய கல் காவல் வீடு இன்னும் நிற்கிறது. 1953இல் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாக அழிந்தது, 1992இல் ரத்தக்கசிவு வைரஸ் வந்தது. இன்றைக்கு அதே பிரெக்லாண்டின் புதர்வெளிகளில் முயலைப் பெருக்க இயற்கைப் பாதுகாப்பாளர்கள் பாடுபடுகிறார்கள், முயல் மேய்ந்து புல் குட்டையாக இருந்தால்தான் அங்குள்ள அபூர்வச் செடியும் பூச்சியும் பிழைக்கும். கோதுமை வயலோரத்தில் அது பயிருக்குச் சேதம். ஆகவே சேதம் உள்ள வயலில் மட்டும் சுடுகிறேன், சேதம் நின்றால் நானும் நிறுத்திக்கொள்கிறேன். பிப்ரவரியிலிருந்து கோடை முடியும்வரை பெண் முயல் வளைக்குள் குட்டி வைத்திருக்கும், அந்த மாதங்களில் மிகவும் தேவைப்பட்டாலொழியப் போவதில்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் என் காலம்.

சுட்ட முயலை என்ன செய்வது?

விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு நிமிடம் ஸ்கோப்பில் பாருங்கள், அசைவு இருந்தால் உடனே இரண்டாவது குண்டு. இருட்டில் நடந்து போகும்போது இடம் தவறிவிடும், அதற்கும் தெர்மல் உதவும், சூடு ஆறும்வரை தெரியும். எடுத்ததும் அடிவயிற்றை மேலிருந்து கீழாக அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் கறி முழுக்க அந்த வாடை. குடலை அங்கேயே எடுத்துவிட்டு, ஈரலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கரும்சிவப்பாக வழுவழுவென்று இருந்தால் சரி, வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்த முயல் சமையலுக்கு வேண்டாம். கண்ணிமை வீங்கியிருந்தால் மிக்ஸோமடோசிஸ், அதையும் சமைக்க வேண்டாம்.

நல்ல முயலை ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் தொங்கவிட்டு, மறுநாள் மஞ்சளும் உப்பும் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். இதில் கொழுப்பே கிடையாது, நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம், நிறைய மிளகு, கறிவேப்பிலையோடு பிரட்டினால்தான் வறண்டு போகாமல் இருக்கும். பரிமாறும் முன் தலைப்பக்கத்துக் கறியை விரலால் தடவிப் பாருங்கள், ஈயத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.